நான் அழிக்காத மல்டிகாஸ்ட் வரி

டெண்டர் வெளியாக இரண்டு நாள் இருந்தபோது மேனேஜர் ராஜன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நெட்வொர்க் எஞ்சினியர். புதுக் கட்டடத்தில் கணினிகளையும் கேமராக்களையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று எழுதியது நான்தான்.

"ஈஸ்வரி, இந்த மல்டிகாஸ்ட் வரிய 'கட்டாயம்'னு போட்டிருக்கீங்க. 'இருந்தால் நல்லது'ன்னு மாத்திடுங்க லா."

"முடியாது, சார்."

அறுவை அறைக் கேமராவின் படம் பல டாக்டர்களுக்கு ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒரே பிரதியை அனுப்பி, கேட்டவர்களுக்கு மட்டும் கொண்டுசேர்ப்பதுதான் மல்டிகாஸ்ட். யார் கேட்டார்கள் என்று சுவிட்ச் கவனிக்க வேண்டும். எங்கள் புதுக் கேமராக்கள் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் ஓடுபவை. அந்த முறையில் இப்படிக் கவனிக்கும் வசதிக்கு எம்எல்டி ஸ்னூப்பிங் என்று பெயர். அது இல்லாத சுவிட்ச் கேமராப் படத்தை, தாதியரின் வைஃபை போன் உட்பட எல்லாக் கருவிகளின் தலையிலும் கொட்டிவிடும். தேவையில்லாத மூன்று புரோட்டோகால்களை நானே முன்பு பட்டியலிலிருந்து வெட்டியிருந்தேன். இதை வெட்ட முடியாது.

ராஜன் பழைய சப்ளையர் ஜமாலைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பத்து வருஷமா நம்ம சுவிட்சுதானே ஓடுது? பிரச்சனை வந்துச்சா?"

"அது பழைய ஐபிவி4, தம்பி. இந்த மாடல்ல எம்எல்டி இருக்கா, இல்லையா?"

"அடுத்த அப்டேட்ல வரும்கா."

"அப்ப அடுத்த டெண்டருக்கு வாங்க."

ராஜன் முகம் சிவந்தது. "நீங்க மாத்தலன்னா வேற ஆள வச்சு மாத்துவேன்."

பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினேன். "மாத்துங்க, சார். அதுக்கு முன்னாடி ஜமால் சுவிட்ச தாதியர் முன்னால டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்."

மறுநாள் காலை ஜமால் கடலுக்கு அக்கரையிலுள்ள நிபோங் திபாலிலிருந்து சுவிட்சோடு வந்தார். பயிற்சி அறையில் நான்கு கேமராக்களையும் வைஃபை கருவியையும் அதில் மாட்டினேன். தலைமைத் தாதி சாந்தி அக்கா, வார்டில் பயன்படுத்தும் வைஃபை போனில் பக்கத்து அறையை அழைத்துப் பேசத் தொடங்கினார். கேமராக்களை ஓடவிட்டேன். மறுமுனைக் குரல் துண்டு துண்டானது. பிறகு லைனே அறுந்தது.

அவர் ராஜன் பக்கம் திரும்பினார். "நோயாளிக்கு மூச்சு நிக்கிறப்ப நான் டாக்டர இதுலதான் கூப்பிடணும், சார். இப்படிக் கட்டானா குடும்பத்துகிட்ட நீங்க வந்து பேசுவீங்களா?"

டெண்டர் நான் எழுதியபடியே போனது. ஜமாலும் எம்எல்டி உள்ள வேறு மாடலோடுதான் வந்தார். அந்த ஆண்டு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

தகுதிப் பட்டியல் எழுத உட்காரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு தகுதியை ஏன் கேட்கிறோம் என்று தெரியாவிட்டால், யாரும் சொல்லும் முன் நீங்களே எடுத்துவிடுங்கள். தெரிந்தால், யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். அலுவலகத்தில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.