போயிட்டு வா என்றேன்

அடுகோடி என்ற பகுதியில் நான் வேலை பார்த்த அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு இருந்தது. அதற்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தவர் அசைந்தால் டக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே யார் வந்திருக்கிறார்கள் என்று உள்ளே இருந்தபடி சொல்லிவிடுவேன். பெரியவர்கள் என்றால் ஒரே ஒரு டக். வாலுப் பையன்கள் வந்துவிட்டால் கச்சேரிதான். வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சத்தமே வராது. பாப்பா வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். பத்து வயதுக் குழந்தை பெஞ்சைக்கூட அசைக்காமல் உட்காரப் பழகியிருந்தாள். அந்தச் சத்தமின்மைதான் இருபது வருஷங்களுக்கு மேலாகியும் என்னை விடாமல் துரத்துகிறது.

அவளுக்குப் பள்ளிக்கூடப் பெயர் வேறு. வீட்டில் பாப்பா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், மருந்துக் கிடங்கை ஒட்டிய அறையில், குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. படித்து முடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நான் பொம்மை வைத்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவள். அவர்கள் சொன்னது பாதி உண்மைதான்.

பாப்பாவின் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் வேலை குறைந்துகொண்டே வந்த நாட்களில், பம்பாய்ப் பக்கம் வேலை இருப்பதாக யாரோ சொல்ல, ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகளிடம், போயிட்டு வரேன் பாப்பா என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக்கு வந்து, கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து பாப்பா பள்ளிக்கூடம் போக மறுத்தாள். அடித்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்துபோனது.

கதவு ஏன் திறந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதுவும் அவள் சொல்லித் தெரியவில்லை. பொம்மை வீட்டை வைத்து விளையாடும்போது அப்பா பொம்மையை வீட்டுக்கு வெளியே நிறுத்தினாள். கதவு பூட்டியிருந்ததும் அந்தப் பொம்மை திரும்பிப் போனது. திரும்பத் திரும்ப அதே விளையாட்டுதான். புது வீடு அப்பாவுக்குத் தெரியாது, தேடிக் கண்டுபிடித்து வரும் நேரத்தில் பூட்டியிருந்தால் போய்விடுவார். இதுதான் அவள் கவலை. நியாயமான கவலைதான், எந்தப் பெரியவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் கையாலேயே புது விலாசத்தை எழுதவைத்தோம். அம்மா அதைத் தங்கவயலுக்கு எடுத்துப்போய்ப் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா வந்தால் அங்கே கேட்டுக்கொள்வார் என்று ஆனதும் பாப்பாவின் உடம்பே இளகியது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போனாள். பேசவும் ஆரம்பித்தாள், அதுவும் வாய் ஓயாமல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தை தேறிவிட்டால் சிகிச்சையை முடிக்க வேண்டும். எனக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் இதில் கறார். ஒரு குழந்தையிடமிருந்து திடீரென்று மறைந்துபோகக் கூடாது, ஏற்கனவே ஒருவர் மறைந்துபோன குழந்தையிடம் கூடவே கூடாது என்பார். நாலு வாரம் முன்பே சொல். எத்தனை நாள் மிச்சம் என்று கண்ணால் பார்க்கும்படி செய். அழுதால் அழவிடு. கடைசி நாள் வாயால் விடைபெறு. எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் இருந்தது. நான் அந்தத் தாளை ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வட்டம் வரைந்து, வாரம் ஒன்றாக அவளையே வண்ணம் தீட்டவைத்தேன். மூன்றாவது வட்டத்தன்று கிரேயானை அழுத்தி ஒடித்தாள், பிறகு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். நாலாவது வட்டத்துக்குச் சிவப்பு தீட்டி, தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டாள். இதைவிட நல்ல முடிவு எந்தக் குழந்தைக்கும் அமைந்ததில்லை என்று மனசுக்குள் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அம்மா முன்னால் போய்விட்டாள். பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றாள்.

“போயிட்டு வரேன் மிஸ்.”

“சரிம்மா, போயிட்டு வா.”

சொன்னதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. நம்மில் யாரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு படியிறங்குவதில்லை. கடைக்காரரிடம்கூட வரேன் என்கிறோம். அந்த ஊரில் கன்னடத்திலும் அப்படித்தான், வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். மூச்சு விடுவதைப் போல வாயிலிருந்து வருகிற வார்த்தை. ஆங்கிலத் தாளில் இருந்ததையெல்லாம் நாலு வாரம் கவனமாகச் செய்துவிட்டு, கடைசி நொடியில் தமிழில் அவளை வரச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் எனக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை போட்டார்கள். அடுகோடிக்கு மற்ற நாட்களில் மட்டும் போனேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த கன்னடக்கார ஆயா பேச்சுவாக்கில் சொன்னாள்.

“மேடம், அந்த ஹுடுகி ஒவ்வொரு குருவாரமும் வந்து பெஞ்சுல உக்காருது. நீங்க வரச் சொன்னீங்களாமே?”

எந்தப் பெண், யார் வரச் சொன்னது என்று நான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பாப்பா வியாழக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளியிலிருந்து நழுவி, ஓசூர் ரோட்டில் தனியாகப் பஸ் ஏறி, அடுகோடியில் இறங்கி, மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மிஸ் இன்னைக்கு வரலை என்று ஆயா ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறாள். இன்னைக்கு என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா. நாலு மணிக்கு எழுந்து ஆயாவிடமும் போயிட்டு வரேன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஆறு வாரம். லாரிகள் பறக்கிற அந்த ரோட்டை அவள் தனியாகக் கடந்திருக்கிறாள். அதைவிட, நிலைப்படியிலிருந்து அவளை எழுப்பிக் கொண்டுவந்து என் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேனே என்ற நினைப்பு தாங்க முடியாததாக இருந்தது.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நேரில் போ, ஒரே தடவை, தெளிவாகச் சொல், பிறகு போகாதே என்றார். ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளி போனேன். ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருந்த வரிசையில் கடைசி அறை. கதவு விரியத் திறந்திருந்தது. பாப்பா என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, ஜெயித்தவளைப் போலச் சிரித்தாள்.

“நான் சொன்னேன்ல, வருவாங்கன்னு.”

காத்திருந்தால் வருவார்கள் என்பதற்கு அவளுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. நான் வீடு தேடி வந்து அந்தச் சாட்சியாகிவிட்டேன். சுவரில் என் நாலு வட்டத் தாள் ஒட்டியிருந்தது. கீழே அவளே வரைந்த ஆறு வட்டங்கள், வண்ணம் இல்லாமல். கிரேயானை எடுத்து முதல் வட்டத்துக்குப் பச்சை தீட்ட ஆரம்பித்தாள். நான் வந்துவிட்டேன் அல்லவா, அதற்காக.

அம்மா டீ போடப் போனாள். நான் தரையில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். நம்ம சந்திப்பு முடிஞ்சுபோச்சு, மிஸ் இனிமே வியாழக்கிழமை அங்கே இருக்கமாட்டேன், நீ பஸ்ஸில் தனியாக வரக் கூடாது. அவள் தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அப்ப அன்னைக்கு ஏன் போயிட்டு வான்னு சொன்னீங்க?”

“அது சும்மா சொல்றது பாப்பா. கிளம்பும்போது எல்லாரும் சொல்றதுதான். நிஜமா வரணும்னு அர்த்தம் இல்ல.”

கிரேயான் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, திறந்திருந்த கதவைப் பார்த்தாள். நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

“எல்லாருமே சும்மாதான் சொல்வாங்களா மிஸ்?”

அப்படி இல்லை, சிலர் நிஜமாகவும் சொல்வார்கள், சில பேரால் நினைத்தாலும் வர முடியாமல் போகும் என்று ஏதேதோ உளறினேன். தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளையை டீச்சர் பார்ப்பதைப் போல அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பாதி பச்சையாக இருந்த வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கிரேயானைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்து மூடினாள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். நல்லா இரு என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமை மல்லேஸ்வரத்துக்கு லீவு சொல்லிவிட்டு அடுகோடி அறையில் உட்கார்ந்தேன். பாப்பா வந்தால் வீடு வரை கொண்டுபோய் விடவேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான், ஆனாலும் ஐந்து மணி வரை என்னால் எழ முடியவில்லை.

இப்போது பயிற்சிக்கு வரும் இளம் பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலத் தாளோடுதான் வருகிறார்கள், தாள் மட்டும் பளபளப்பாகிவிட்டது. கடைசி நாள் வாசலில் என்ன சொல்வீர்கள், எந்தப் பாஷையில் சொல்வீர்கள் என்று கேட்பேன். முழிப்பார்கள். அந்த வார்த்தையை முதல் மாதமே குழந்தையோடு பேசிவிடுங்கள் என்கிறேன். குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். பாப்பாவிடம் நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்பதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பொய்யைக் காப்பாற்றியிருந்தால் அவள் வருஷக்கணக்கில் காத்திருப்பாள். உண்மையைச் சொன்னேன், அவள் அப்பாவின் வார்த்தையும் அதோடு சேர்ந்து போயிற்று. அதை அவளிடமிருந்து பறிக்கும் உரிமையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் பொம்மனஹள்ளி போய் வந்த மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு போன் வந்தது. தெருமுனை பூத்திலிருந்து பாப்பாவின் அம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம். பிள்ளை ஒரு நாள்கூட லீவு போடுவதில்லையாம், வியாழக்கிழமைகூட.

“காலைல கதவ இஸ்து சாத்தி, பூட்டு தொங்குதான்னு ரெண்டு தபா இழுத்துப் பாத்துட்டுத்தான் மிஸ் கிளம்புது. நானே சொல்லல, அதுவா பண்ணுது. நீங்க நல்லாருக்கணும்.”

அவள் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு ரிசீவர் கனத்தது. அப்பா பற்றி ஏதாவது கேட்கிறாளா என்றேன். அந்தப் பேச்சே எடுக்கிறதில்ல மிஸ், நிம்மதியா இருக்கு என்றாள். பிறகு, மிஸ்கிட்ட சொல்லிக்க என்று போனை மகளிடம் கொடுத்தாள். பின்னால் ஓசூர் ரோட்டு இரைச்சல் கேட்டது. எப்படி இருக்கே பாப்பா என்றேன். நல்லாருக்கேன் மிஸ் என்றாள். கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று கேட்டதற்கும் பதில் சொன்னாள்.

“போறேன் மிஸ்” என்றாள்.

பின்னால் அவள் அம்மா பதறிப்போய் அதட்டுவது கேட்டது. போறேன்னு சொல்லக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன், போயிட்டு வரேன்னு சொல்லு. நானும் அதைச் சொல்ல மாட்டாளா என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். குழந்தை சொல்லவில்லை.