மகள் பேரில் கராஜ், என் கையில் பொலிஷர்

மற்றவர்கள் பார்க்காமல் விட்ட கீறல்களைத் தேடித் தேடிப் பார்ப்பதுதான் கார் பொலிஷ் பிடிக்கிற தொழில். இதே தொழிலில் கிடந்து மாய்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாம் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டோம். அவர் வந்திறங்கிய காரின் பொனட்டில் வெயில் விழுகிற இடத்தைத்தான் பார்ப்போம்.

நான் முப்பது வருடம் கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற மறுவருடமே கணவர் மௌத்தானார். அவர் விட்டுப்போன கார் கடற்காற்றில் சுண்ணாம்பு பூசியது போல வெளிறிக் கிடந்தது. அதை அப்படிப் பார்க்க மனம் கேட்கவில்லை. கைபேசியில் பார்த்துப் பழகி, வயர் இல்லாமல் பெட்டரியில் ஓடும் பொலிஷர் ஒன்றை வாங்கினேன். கார் மினுங்கியது. அடுத்த வீட்டார் கேட்டார்கள், பிறகு அடுத்த தெருவார் கேட்டார்கள். இப்போது அறுபத்தாறு வயதில் எனக்கு இதுதான் வேலை. மெசின் ஓடுகிற நேரம் மட்டும்தான் அவர் இல்லாத வீட்டின் நிசப்தம் எனக்குக் கேட்பதில்லை.

ஒரேயொரு சிக்கல். எங்கள் ஊர்களில் மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிடுவோம். நானும் எழுதினேன். ஆகவே நானும் மகளும் இருக்கும் வீடும், நான் வேலை செய்யும் கராஜும் அவளுடையவை. கட்டாரில் வேலை பார்க்கும் மருமகன், தான் விடுமுறைக்கு வருவதற்குள் கராஜ் காலியாக இருக்கவேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார். எனக்குப் போக வேறு இடமில்லை. நான் ஒரு வாளியைக்கூட நகர்த்தவில்லை.

தும்பு

மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிற ஹாஜியார் ஒருவர் கறுப்புக் காரோடு வந்தார். தினமும் தன் கையாலேயே கழுவிப் புதுசு போல வைத்திருப்பதாகச் சொன்னார். எதனால் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். தென்னந்தும்பும் சவுக்காரத் தூளும் என்றார் பெருமையாக. காரை நிழலில் நிறுத்தி டோர்ச் அடித்துக் காட்டினேன். பொனட் முழுவதும் சிலந்தி வலை போல வட்டக் கீறல்கள். வேளாண்மை வெட்டுக் காலத்துத் தூசியை ஒவ்வொரு நாளும் அந்தத் தும்பால்தான் பெயிண்டுக்குள் தேய்த்திருக்கிறார். மனிதர் அன்பாகச் செய்த வேலை என்பதால் நான் அதிகம் ஏசவில்லை.

பொனட்டின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் முடித்தேன். டேப்பை உரித்ததும் இந்தப் பக்கம் மழைக்கால இரவு போலக் கறுப்பு, அந்தப் பக்கம் அடுப்புச் சாம்பல். மற்றப் பாதியில் மெசினை வைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். “கொஞ்சம் பொறுங்க டீச்சர். நான் பத்து வருசமா பாத்த வேலைய பொஞ்சாதிக்கி ஒருக்காக் காட்டிப்போட்டு வாறன்.”

பாஸ் எங்கே?

வேனோடு வந்த வங்கி அதிகாரி ஒருவர் என் தலைக்கு மேலால் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். பாஸ் தொழுகைக்குப் போய்விட்டாரா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த ஆண்கள் எல்லோரும் பாஸ்தான். இங்கே இருப்பது நான் மட்டும்தான் என்றேன். வேனை அவரே உள்ளே கொண்டுவந்து விட்டார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கதிரையை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

உங்களுக்கும் இப்படிக் காவல் இருந்தவர்கள் வாய்த்திருப்பார்கள்.  மெசினின் ஸ்பொஞ்சைக் கதவின் பெயிண்டில் வைத்த பிறகுதான் விசையை அழுத்தினேன். தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்தியிருந்தால் ஸ்பொஞ்சில் பூசிய கொம்பவுண்ட் பசை முழுவதும் அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் தெறித்திருக்கும். அந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. மூன்றாவது கதவு முடிந்தபோது அவராகவே எழும்பி வந்து, அதில் தெரிந்த தன் தாடியைத் தடவிச் சரிசெய்தார். “அப்ப ஒங்கள என்னெண்டு கூப்புடுற? பாஸ் உம்மா எண்டா?”

ஒரு சாண் மிச்சம்

பெட்டரி மெசினின் சாபம் உங்களுக்குத் தெரியும். கடைசி விளக்கு மின்னும்போது வேலையும் ஒரு சாண்தான் மிச்சமிருக்கும். நிறுத்திவிட்டு அடுத்த பெட்டரியை மாட்ட மனம் வராது. ஆலையடிவேம்பிலிருந்து வந்த தாதி ஒருவரின் வெள்ளைக் காரில் எனக்கும் அப்படித்தான் நடந்தது. கதவின் ஓரத்தில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே டேப் ஒட்டவேண்டும் என்பதெல்லாம் தெரியும். இருக்கிற சார்ஜுக்குள் முடித்துவிடலாம் என்று அழுத்திப் பிடித்தேன். வெள்ளை போய் நக அளவுக்குச் சிவப்புத் தெரிந்தது. ஒரு கணம் என் விரல்தான் வெட்டுப்பட்டது என்று நினைத்தேன்.

மறைக்க மனமில்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டி, பிழை என்னுடையது, கதவுக்கு நானே பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் குனிந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் நிறம் மாற்றாத கார் என்று சத்தியம் பண்ணித்தான் அதை அவருக்கு விற்றிருந்தார்களாம். “நீங்க கவலப்படாதீங்க டீச்சர். இத எனக்கு வித்தது என்ட சொந்த அத்தான். பெயிண்ட் அடிச்சுத் தரப்போறது அவர்தான்.”

குசினிப் பிளக்

மருமகன் வந்து சேர்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. எனக்கென்று போர்வையும் தைலமும் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் நாள் காலை, சாப்பிட்டுக்கொண்டே கதையைத் தொடங்கினார். வெளிநாட்டில் உழைக்கிற மருமகன் இருக்க, மாமி ஊரார் கார் தேய்க்கிறாவாமே என்று பள்ளிவாசலடியில் யாரோ கேட்டார்களாம். அவருக்குத் தலை நிமிர முடியவில்லையாம். நான் களவெடுக்கவில்லையே மகன் என்றேன். உங்கள் தலை நிமிர்வதற்காக நான் சும்மா குந்திக்கொண்டு சாகமுடியாது என்றும் சொன்னேன்.

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். எழும்பிப் போய், குசினிச் சுவரில் சார்ஜில் கிடந்த பெட்டரியைக் கழற்றினார். அதையும் மெசினையும் வாளிகளையும் கேற்றுக்கு வெளியே வைத்துவிட்டு, கராஜைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். நான் போய் மெசினையும் பெட்டரியையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். இது என் வீடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எழும்புகிற எண்ணமும் இல்லை. ஒன்பது மணிக்கு ஒரு கார் வர இருந்தது.

மகள் ஒருநாளும் கராஜுக்குள் கால் வைத்தவள் அல்ல. அவளுக்கும் என்னால் வெட்கம் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். குசினியில் ரொட்டிக்குக் குழைத்த மாக் கையோடு வந்தாள். கணவரிடம் சாவியை வாங்கிக் கராஜைத் திறந்துவிட்டாள். என் மடியிலிருந்த பெட்டரியை எடுத்துப் போய்க் குசினியில் மாட்டிவிட்டு, அங்கே நின்றபடியே பேசினாள். குரல் உயரவில்லை. “வீடு என்ட பேரில இரிக்கி. உம்மா இஞ்சதான் வேல செய்வா. ஒங்களுக்கு வெக்கமா இரிந்தா, கார் வாற நேரம் நீங்க உள்ளுக்கு இரிங்க.”

கராஜ் மகளுடையது, கார்கள் ஊராருடையவை, இந்தத் தோள்வலி ஒன்றைத்தான் இன்னும் எவர் பேரிலும் எழுதிக் கொடுக்க முடியாமல் நானே வைத்திருக்கிறேன்.