ஆமென் மட்டும் தெரிந்த வீடு

அக்காவின் அடக்கம் முடிந்து உறவினர்களும் ஊர் திரும்பிய பிறகு, நான் மத்திகிரியிலிருந்து ஓசூர் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. டவுன் பஸ் கடந்து போனது, ஏறவில்லை. எந்த ஊருக்கு என்று முடிவு செய்திருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றதிலிருந்து எனக்கு இதுதான் வழக்கம்.

எங்கள் அக்கா கல்லாவியில் பிறந்தார். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என்னையும் அழைத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து துணிக் கம்பெனியில் பட்டன் தைத்தார். திருமணமானபின் மத்திகிரியில் ஒற்றை அறை வீடு. பிள்ளை இல்லையா என்று யாராவது கேட்டால், "கர்த்தர் தரலீங்க" என்று மட்டும் சொல்வார்.

மாமாவுக்கு மூன்று ஷிப்ட். வீட்டு ஜெபமும் அதற்கேற்ப மாறும். பகல் வேலை என்றால் மாலையில். இரவு வேலை என்றால் காலையில் அவர் வந்து குளித்தவுடன். பக்கத்து அறைகளில் வேலை முடிந்து தூங்குகிறவர்கள் இருப்பதால், அக்கா பாட்டை உதட்டுக்குள்ளேயே பாடுவார். நான் கிண்டல் செய்தபோது, "கர்த்தருக்கு ஷிப்ட் கெடையாதுடா, நமக்குத்தான்" என்றார்.

போச்சம்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ வேலையை விட்டுவிட்டு நான் வந்து நின்றால், ஏன் என்று கேட்டதில்லை. "மொகங் கழுவிட்டு உக்காரு. ஜெபம் பண்ணிட்டு சாப்டலாம்" என்பார். சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகும் ஜெபத்தை அவர்தான் நடத்தினார். கடைசியில் குரல் எழவில்லை. உதடு நின்றதைப் பார்த்து மாமா ஆமென் சொன்னார்.

அந்த மாமாதான் அன்று என் பின்னால் மொபெட்டில் வந்து நிறுத்தினார்.

"எங்க மச்சான், பெங்களூரா?"

"தெரீல மாமா."

"தெரியாத ஊருக்கு நாளைக்கும் பஸ் இருக்கும்." வண்டியை அணைத்தார். "நீ கெளம்புனதும் ஜெபத்துக்கு உக்காந்தேன். ஆரம்பிக்க வரல. இத்தன வருசமா உங்கக்கா பண்ணுவா, நான் ஆமென் சொல்லுவேன். வெறும் ஆமென் மட்டும் சொல்லிட்டு வண்டிய எடுத்தேன். நீயும் போய்ட்டா அந்த வீட்ல ஜெபம் நின்னுபோவும் மச்சான்."

ஏறி உட்கார்ந்தேன்.

மாலையில் இருவரும் பாயில் அமர்ந்தோம். எனக்கும் வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம்" என்றேன். அடுத்த வார்த்தையை நான் தேடுவதற்குள் மாமா ஆமென் சொல்லிவிட்டார்.

அக்காவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து அறைத் தம்பிகளுக்கும், எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொடுத்தனுப்பிய தெலுங்குக்கார வீட்டுக்காரம்மாவுக்கும், கல்லறைவரை நடந்து வந்த சபையாருக்கும், இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் அக்காவுக்காகக் கூடியிருக்கும் உங்களுக்கும் மாமாவும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ஜெபத்துக்கு மறுநாள் காலை, மத்திகிரியிலேயே ஒரு பட்டறையில் இரும்புத் தகடு இறக்கும் வேலை கேட்டுப் போனேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தன நாளைக்கு நிப்ப?" என்றார்.

"வீடு பக்கந்தாங்க" என்றேன்.