ஏழாம் வாய்பாடு முடிவதற்குள்

1. ஒருவரும் எடுக்காத வகுப்பு

“உந்த ஒன்பதாம் வகுப்பை நீங்கள் எடுங்கோ ரீச்சர். வேறை ஆரும் எடுக்க மாட்டினமாம்” என்று அதிபர் சொன்னபோது நான் உடனே ஓம் என்றேன். அப்போது அச்சுவேலிக்குக் கிட்ட ஒரு கிராமப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் சத்தம் வராது என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு. வடக்குக் கரையோர ஊர்கள் சில இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்தன. எங்கள் மாடிக் கட்டடத்தில் அகதிக் குடும்பங்கள் இருந்தன. ஆகவே வகுப்புகள் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்களுக்குப் போயின. கரையோரப் பாடசாலையின் பிள்ளைகளையும் எங்களோடு சேர்த்தார்கள். இப்படி இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே கொட்டிலில் இருந்த வகுப்புத்தான் அந்த ஒன்பதாம் வகுப்பு. எனக்கு முன் அதை எடுத்தவர் தடியோடு போனார். தொண்டை கட்டித் திரும்பி வந்தார்.

முதல் நாள் நான் உள்ளே போனபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நீள மர வாங்குகளில் இருந்தார்கள். கரையோரப் பிள்ளைகள் பின்னால், நிலத்தில் சாக்கு விரித்து இருந்தார்கள்.

“ஏன் நீங்கள் நிலத்திலை இருக்கிறியள்?” என்று கேட்டேன்.

பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பினாள். பெயர் யோகராணி. “வாங்கு உவையின்ரையாம் ரீச்சர்” என்றாள். அவளுடைய குரல் பக்கத்துக் கொட்டிலுக்கும் கேட்டிருக்கும். கடற்கரையில் அலைக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்.

முன் வாங்கில் இருந்த கோணேசன் திரும்பிப் பாராமலே சொன்னான்: “ஓம் ரீச்சர். எங்கடை அப்பாமார் செய்து குடுத்த வாங்கு.”

இந்த இடத்தில் இளம் ஆசிரியர்கள் பலர் சமத்துவம் பற்றி ஒரு பிரசங்கம் வைப்பார்கள். நான் வைக்கவில்லை. முதல் நாளே, பிள்ளைகளை அறியாமல் சொல்லும் சட்டம் காற்றோடு போய்விடும். வெண்கட்டியை எடுத்துப் பாடத்தைத் தொடங்கினேன். அரைச்சுவர் வைத்த கொட்டிலில் நான் கத்தினால் பக்கத்து எட்டாம் வகுப்பும் கத்தும். அதனால் குரலைத் தாழ்த்தினேன்.

“ரீச்சர், கேக்கேல்லை” என்றாள் யோகராணி. முன் வாங்குகள் சிரித்தன.

“கேக்கேல்லை எண்டு சொல்லுறது சரியான கதை. சிரிச்சவை எழும்பி, நான் இப்ப என்ன சொன்னனான் எண்டு சொல்லுங்கோ.”

ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு பாடம் ஓரளவு அமைதியாக நடந்தது. ஆனாலும் வகுப்பு இரண்டாகவே இருந்தது.

2. சுமதியின் கை

கொட்டிலுக்குப் பின்னால் பனைகளுக்கு இடையில் எங்கள் வகுப்புக்கென ஒரு பதுங்குகுழி இருந்தது. ‘ட’ வடிவத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்தது. எங்கள் ஊர்ப் பெற்றோர் வெட்டிக் கொடுத்தது.

ஒரு நாள் பாடம் நடக்கும்போது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. நான் வாய் திறக்குமுன் வகுப்பு முழுவதும் ஓடியது. வாங்குகள் சரிந்தன. வாசலில் ஒருவரை ஒருவர் இழுத்தார்கள். எங்கள் ஊர்ப் பெடியன்கள் முதலில் போய்க் குழியின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கரையோரப் பிள்ளைகள் சிலர் உள்ளே போக வழியில்லாமல் பனையடியில் குப்புறப் படுத்தார்கள். ஹெலி எங்கேயோ தூரத்தில் சுற்றிவிட்டுப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் வகுப்பிலேயே மிகச் சின்னவளான சுமதி இருந்து அழுதுகொண்டிருந்தாள். கரையோரப் பிள்ளை; காய்ச்சலில் மெலிந்து போனவள். அவள் விழுந்தபோது யாரோ கையை மிதித்துவிட்டார்கள். விரல்கள் வீங்கியிருந்தன.

“இவளை மிரிச்சது ஆர்?” என்று யோகராணி கேட்டாள்.

“நாங்கள் வெட்டின பங்கர். நாங்கள்தானே முதல் போவம்” என்றான் கோணேசன். அடிபாடு தொடங்கப் பார்த்தது. இடையில் போய் நின்று தடுத்தேன்.

சுமதியின் கைக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனேன். யாரில் ஆத்திரம் என்று யோசித்துப் பார்த்தேன். மிதித்த பிள்ளை பொல்லாத பிள்ளை அல்ல. அது பயந்த பிள்ளை. எப்படி வெளியே போவது என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படிப்பிக்காத பாடத்தில் ஒரு பிள்ளையைப் பிழை விடாதே என்று சொல்ல முடியாது. ஆகவே அதைப் பாடமாகவே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

3. கரும்பலகையில் ஒரு கணக்கு

மறுநாள் கரும்பலகையில் எங்கள் கொட்டிலை வரைந்தேன். பலகைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசல். மூன்று பக்கம் அரைச்சுவர். வெளியே குழி.

“இது கணக்கு. எல்லாரும் உள்ளுக்குப் போகோணும். ஒருத்தரும் விழக்கூடாது. என்ன செய்யலாம்?”

கோணேசன் கை உயர்த்தினான். “கெதியாய் ஓடுறவையை வாசலிலை விடுங்கோ ரீச்சர். அவை போனால் மற்றவைக்கு வழி வந்திடும்.”

யோகராணி எழும்பினாள். “கெதியாய் ஓடுறவன் எங்கை இருந்தாலும் வந்திடுவான். ஓட ஏலாததுகள்தான் வாசலிலை இருக்கோணும். வள்ளம் கரைக்கு வரேக்கை சின்னாக்களைத்தான் முதல் இறக்கிறது. பலமான ஆக்கள் பின்னாலை பிடிச்சுக்கொண்டு நிப்பினம்.”

 கோணேசன் கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னான்: “அது சரிதான் ரீச்சர்.”

அந்தப் பாடவேளையில் எல்லோரையும் மைதானத்தில் ஓடவிட்டேன். யார் கெதி, யார் மெது என்று அவர்களே பார்த்தார்கள். அந்த ஒழுங்கின்படி இடம் போட்டோம். வாசலோரம் வாங்கு இருந்தால் தடக்கும் என்று அதைப் பின்னால் கொண்டுபோனோம். மெதுவாக ஓடும் பிள்ளைகள் முன்னால் சாக்கில். கெதியாக ஓடும் பிள்ளைகள் பின்னால் வாங்கில். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் சாக்குக்கு வந்தார்கள். கரையோரப் பிள்ளைகள் சிலர் வாங்குக்குப் போனார்கள். வாங்கு யாருடையது என்ற கதை அன்றோடு நின்றுபோனது. ஓட்டத்தில் முதல் வந்தவர்கள் கோணேசனும் யோகராணியும். இருவருக்கும் கடைசி வாங்கு. கடைசியாக வெளியேறுவது அவர்களுடைய பொறுப்பு.

பிள்ளைகள் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால் தடுக்கி விழுவார்கள். வாய் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால் மூச்சும் கால்களும் ஒழுங்காக வரும். ஏழாம் வாய்பாட்டை எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்றேன். அதுதான் அவர்களுக்கு மிகக் கஷ்டமான வாய்பாடு. அதைச் சொல்லும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. வாய்பாடு முடிவதற்குள் கடைசிப் பிள்ளையும் குழிக்குள் இருக்க வேண்டும்.

முதல் பழக்கத்தில் வாய்பாடு முடிந்தபோது பாதி வகுப்பு வெளியே நின்றது. நாளாக நாளாகத் திருந்தினார்கள். குழியின் செம்மண் பட்டு வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒரே நிறமாயின. கோணேசனும் யோகராணியும் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, பிந்துகிற பிள்ளைகளோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். ஏழாம் வாய்பாட்டில் அந்த வகுப்பை வெல்ல அந்த வட்டாரத்தில் ஒரு வகுப்பும் இருந்திராது.

4. கோணேசனின் தகப்பனார்

அவர் புகையிலைச் செய்கைக்காரர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. ஒரு நாள் அதிபரின் அறையில் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கதைத்தார்.

“ரீச்சர், என்ரை மகனை ஆரோடை இருத்தி வைச்சிருக்கிறியள்?”

சாதியைச் சொல்லாமலே சொன்னார். எனக்கு விளங்கியது.

“ஓட்டத்திலை அவனுக்குச் சமனான பிள்ளையோடை” என்றேன்.

“உந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். அவனை முன்னுக்குக் கொண்டுவாங்கோ. நாங்கள் வெட்டின பங்கருக்கு அவன் கடைசியாய்ப் போறதோ?”

“கொண்டுவரலாம். அவன் முன்னுக்கு வந்தால் முன்னுக்கு இருக்கிற ஒரு பிள்ளை பின்னுக்குப் போகோணும். எந்தப் பிள்ளை எண்டு நீங்களே வந்து காட்டுங்கோ.”

அவர் அதிபரின் பக்கம் திரும்பினார். அதிபர் நல்ல மனிதர். ஆனால் கிடுகுக்கும் கம்புக்கும் சங்கத்தை நம்பி இருந்தவர். “ரீச்சர், உவன் ஒருத்தனை மட்டும் மாத்திவிடுங்கோவன்” என்றார்.

“ஒருத்தனை மாத்தினால் நாளைக்கு எல்லாற்றை தகப்பன்மாரும் வருவினம் சேர். மாத்தத்தான் வேணுமெண்டால் வகுப்பை வேறை ஆரிட்டையும் குடுங்கோ.”

அப்படிச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வகுப்பை விட்டுவிட எனக்கு மனமே இல்லை. அதிபர், “நாளைக்கு நான் வந்து பாக்கிறன்” என்றார்.

வந்தார். வாசலில் நின்று பழக்கத்தைப் பார்த்தார். வாய்பாடு முடியுமுன் கொட்டில் வெறுமையானது. அவர் நேரே எட்டாம் வகுப்புக் கொட்டிலுக்குப் போய், “நீங்களும் உப்பிடிப் பழகுங்கோ” என்றார். கோணேசனின் தகப்பனார் கோபத்தில் சங்கக் கூட்டங்களுக்கு வராமல் விட்டார்.

5. பொம்பர் வந்த முற்பகல்

அன்று சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரைச்சல் கேட்டது. இந்த முறை ஹெலி அல்ல. பொம்பர். குண்டு போடுகிற விமானம் தாழப் பதிந்து எங்கள் பக்கம் திரும்பியது.

நான் வெண்கட்டியைக் கீழே வைக்கத் திரும்பினேன். அதற்குள் கடைசி வாங்கிலிருந்து யோகராணியின் குரல் எழும்பியது. “ஏழு ஒண்டு ஏழு.” முழு வகுப்பும் சேர்ந்து பிடித்தது. “ஏழு ரெண்டு பதினாலு.” சுமதி முதலில் எழும்பினாள். சாக்குப் பிள்ளைகள் இரண்டு வாசலாலும் போனார்கள். வாங்குகள் வரிசை வரிசையாக வெறுமையாகின. ஒருவரும் தள்ளவில்லை. எட்டாம் வகுப்பும் அதே வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டு தங்கள் குழிக்குப் போனது காதில் விழுந்தது. இடையில் ஒரு பிள்ளையின் செருப்பு வார் அறுந்தது. கோணேசன் அவனைத் தோளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நாங்கள் உள்ளே இறங்கிய பின்புதான் குண்டு விழுந்தது. வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டத்தில். மண் எங்கள் தலையில் கொட்டியது. அடுத்ததும் விழுந்தது. இருட்டுக்குள் வாய்பாடு ஒரு கணம் நின்றது. பிறகு யாரோ விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து அதை முடித்தார்கள்.

இரைச்சல் அடங்கிய சற்று நேரத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். வெளிச்சம் மறைந்தது. “கோணேசன், டேய் கோணேசன்” என்று கூப்பிட்டார். அவனுடைய தகப்பனார். புகையிலைத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்திருந்தார்.

உள்ளிருந்து மகன் சொன்னான்: “அப்பா, வாசலை விட்டுத் தள்ளி நில்லுங்கோ. சின்னாக்கள் முதல் வரட்டும்.”

அவர் தள்ளி நின்றார். முதலில் வந்த சுமதி ஏற முடியாமல் நின்றபோது குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அடுத்த பிள்ளைக்கும் கொடுத்தார். எந்த ஊர்ப் பிள்ளை என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. கடைசியில் கோணேசனும் யோகராணியும் செம்மண் அப்பிய முகத்தோடு வந்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் காயமொண்டும் இல்லையே?”

“இல்லை ஐயா” என்றாள் யோகராணி.

கொட்டிலின் கூரை அரைவாசி பிய்ந்து கிடந்தது. நாங்கள் இருந்த இடத்தில் வாங்குகள் உடைந்திருந்தன. என் பிள்ளைகள் ஒருவரில் ஒரு கீறல் இல்லை. அந்த இடத்தில் நின்று அவர்களைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை, பிறகு நான் வாங்கிய எந்தப் பாராட்டிலும் வரவில்லை.

சில நாளில் கோணேசனின் தகப்பனார் மாட்டுவண்டிலில் கிடுகு கொண்டுவந்து இறக்கினார். கூரைக்கு ஏறிய ஒருவர் அவரிடம் மகன் இருக்கும் இடம் பற்றிக் கதை கொடுத்தார். “ஆர் எங்கை இருக்கிறதெண்டு ரீச்சருக்குத் தெரியும். நீ கட்டை இறுக்கு” என்று அவர் சொன்னது என் காதுபடவே.

6. தானாக நடந்த வகுப்பு

அந்த வகுப்போடு நானும் மேலே போனேன். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் அவர்களுக்குக் கணிதம் நான்தான். யோகராணி கணிதத்தில் திறமைச் சித்தி எடுத்தாள். இப்போது அவளும் ஆசிரியை. பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் என்னிடம், வகுப்பை எப்படி அடக்குவது என்று கேட்பார்கள். அடக்குகிற வகுப்பு நீங்கள் திரும்பினதும் கிளம்பும் என்பேன். ஓர் ஒழுங்கு எதற்காக என்று பிள்ளைக்கு விளங்க வேண்டும். அதைப் போடும்போது பிள்ளையும் கூட நிற்க வேண்டும். அப்படிப் போட்ட ஒழுங்கைப் பிள்ளைகள்தான் காவல் காப்பார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது இன்னோர் ஊரும் இடம்பெயர்ந்து வந்தது. புதிய பிள்ளைகள் வருகிறார்கள் என்று அதிபர் காலையில்தான் சொன்னார். மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டுமே என்ற கவலையோடு கொட்டிலுக்கு நடந்தேன். அந்தப் பக்கமிருந்து சத்தமே வரவில்லை.

உள்ளே போனேன். மிரண்ட கண்களோடு புதிய பிள்ளைகள் இருந்தார்கள். சிலர் முன்னால் சாக்கில், சிலர் நடு வாங்குகளில், ஒவ்வொருவருக்குப் பக்கத்திலும் எங்கள் பிள்ளை ஒருவர். இடம் போதாமல் கோணேசன் பின் அரைச்சுவரில் சாய்ந்து நின்றான்.

“புதுசா வந்த பிள்ளையளை ஓடவிட்டுப் பாத்து இடம் போட்டாச்சு ரீச்சர்” என்றான். “நீங்கள் பாடத்தைத் தொடங்குங்கோ.”