சுவர் வயிறு தள்ளிய காலை

மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்கக் களிமண்; மழைத்தண்ணீர் இறங்காது. காம்பவுண்டு சுவரை ஒட்டி மண் கொட்டி மேடாக்கினோம். தண்ணீர் வெளியேற வழி விடவில்லை.

சென்ற ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. மறுநாள் காலை துணி காயப்போடப் போனேன். சுவர் பக்கத்து வீட்டை நோக்கி வயிறு தள்ளி நின்றது. அந்தப் பக்கம் பர்வீன் தன் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“பர்வீன், புள்ளையத் தூக்கிட்டு உள்ள ஓடுங்க!”

“என்னக்கா?”

“சுவர் விழுது, ஓடுங்க!”

அடுத்த நொடி சுவர் சரிந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது மேட்டை வெட்டிக் குறைத்து, தண்ணீர் தெருவுக்கு ஓடும்படி வாட்டம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை மழை விட்டதும் பர்வீன் வீட்டுப் பக்கம் போய், புதுச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி