சீ-சாவின் எதிர்முனை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கே நடந்தது. அன்றைக்கு என்னோடு இருந்த டிரைவர் அண்ணன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

பூங்காக்களில் உள்ள ஊஞ்சலும் சறுக்குமரமும் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்று தருவது என் வேலை. பதினோரு வருட அனுபவம். அந்தக் குட்டிப் பூங்கா என் பட்டியலில் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தது. பாதி விளையாட்டு இடம். மீதியை மரம், புதர், சின்னக் குட்டை என்று காடு போலவே விட்டிருந்தார்கள்.

மாலை 5.35க்கு உள்ளே நுழைந்தோம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சுற்றிலும் வீடுகள், மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்டது. பூங்காவுக்குள் மட்டும் ஒரு பிள்ளைகூட இல்லை.

"இவ்வளவு இடத்த வச்சுக்கிட்டு தெருவுல எதுக்கு ஆடுதுங்க?" என்றார் டிரைவர் அண்ணன்.

"உங்க மீசையப் பாத்துப் பயந்திருக்கும்ணே."

சிரித்துக்கொண்டே குட்டையின் வேலியைப் பார்க்கப் போனார். நான் ஊஞ்சலைப் பார்த்தேன். சங்கிலி கொஞ்சம்கூடத் தேயவில்லை. யாரும் ஆடினதாகவே தெரியவில்லை.

5.48. சீ-சாவிடம் வந்தேன். பலகை இரண்டு பக்கமும் சமமாக நின்றது. வழக்கம்போல ஒரு முனையில் உட்கார்ந்தேன். என் எடை எழுபத்திரண்டு கிலோ. நான் கீழே போக வேண்டும்.

மேலே போனேன்.

மெதுவாக... எதிரே யாரோ பார்த்துப் பார்த்து உட்காருவது போல... 'கிரீ...ச்' என்று ஒரு சத்தம். என் கால்கள் அந்தரத்தில் தொங்கின. எதிர்முனை மணலில் அழுந்தி நின்றது.

அங்கே யாருமில்லை.

"அண்ணே!"

ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். எதிர்முனையைப் பார்த்தார். அதைத் தூக்கிவிடலாமென்று குனிந்து கையை நீட்டினார்.

சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"முட்டி..." என்றார். "யாரோட முட்டியோ இருக்கும்மா இங்க... சூடா இருக்கு..."

அப்போது என் பையில் போன் அடித்தது. 5.52. அந்த நேரத்துக்குக் கூப்பிடுவது என் வீட்டுக்காரர்தான்.

பலகை நடுங்கியது.

எதிரிலிருந்து ஓர் ஆண் குரல். அழுது அழுது கம்மிப்போன குரல்.

"எடுக்க மாட்டேன்டா கண்ணு... அப்பா எழுந்திருக்கவே மாட்டேன்... கெட்டியா பிடிச்சுக்கோ..."

போன் அடித்து ஓய்ந்தது.

எப்படித்தான் வாயில் வந்ததோ...

"அப்பா..." என்றேன். "இறங்கணும்ப்பா."

பிறகு பலகை இறங்கியது.

பூப்போல.

தரையில் கால் பட்டதுதான் தெரியும். ஓடினோம்.

மறுநாள் அந்தப் பூங்காவின் பழைய வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன் ஒருவர் தன் மகளோடு அந்தச் சீ-சாவில் ஆடிக்கொண்டிருந்தாராம். போன் வந்ததும் யோசிக்காமல் எழுந்துவிட்டார். உயரத்தில் இருந்த குழந்தை தலைகுப்புற விழுந்தது. பிழைக்கவில்லை. அதன்பிறகும் அவர் தினமும் மாலையில் வந்து தன் முனையில் உட்கார்ந்துகொள்வாராம்.

"பூட்டணும், எழுந்திருங்க சார்னு கெஞ்சுவேன். ஒருநாள் தொட்டு எழுப்பினேன். அப்படியே சாஞ்சுட்டாரு."

இதைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே பொறியாளரையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போனேன். அன்று நான் திறக்காமல் விட்ட நடு அச்சின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பலகையையும் கம்பத்தையும் சேர்த்து வெல்டிங் வைத்திருந்தது. குழந்தை இறந்த மறுநாளே, இனி அசையக் கூடாதென்று வைத்ததாம். கழற்றிப் போடத்தான் யாரும் வரவில்லை. வெல்டிங்கின் மேல் ஏழு வருடத் துரு. ஒரு கீறல்கூட இல்லை.

நாங்கள் நான்கு பேரும் ஒரே முனையில் ஏறி நின்று பார்த்தோம்.

பலகை ஒரு நூல்கூட அசையவில்லை.