கோட்டைத் தாண்டாத நாய்

நாற்பத்தொன்பது வயதில், செம்பூர் மைதானம் ஒன்றின் நடுவே, ஒரு நாயின் முன்னால் மண்டியிட்டு அழுதேன். லாப்ரடார் நாய்களோடு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மானத்தைப் பார்த்தால் நாய் போய்விடும்.

சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் கிடந்த தெருக்குட்டி அது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன மாதம் தூக்கி வந்தேன். அவள் போன பிறகு நானும் கணவரும் கேஸ், பால், டிரெயின் லேட் தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்து வர இந்த ஒரு ஜீவன்தான் இருந்தது. கணவரோ இரண்டு வருடத்தில் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தாராவியில் வளர்ந்த சிறுவயதில் நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டவர்.

வளர்ந்ததும் அதற்கு ஓட்ட வெறி பிடித்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் போதும், காரிடார் முழுக்க ஒரே பாய்ச்சல். அப்படி ஒருநாள் பாய்ந்ததில் மேல்வீட்டுப் பெரியவர் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில், நாயை வெளியேற்ற ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

“கல்யாண் ஸ்டேஷன் தாண்டி நாயெல்லாம் வச்சுப் பாக்குத எடம் ஒண்ணு இருக்காம். நான் பேசிட்டேன். அந்தப் பெரிய மனுசன் மூஞ்சில முழிக்க முடியல பாத்துக்கோ,” என்றார் கணவர்.

நாய் டாக்டர்தான் அஜிலிட்டி வகுப்பைப் பற்றிச் சொன்னார். தடையைத் தாண்டி, துணிக் குழாய்க்குள் நுழைந்து, கம்பங்களுக்கு நடுவே வளைந்து, நாம் சொல்கிறபடி நாய் ஓடவேண்டும். ஓட்டத்தையே வேலையாகக் கொடுத்தால் அடங்கும் என்றார். பயிற்சி கொடுத்த மராத்திப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நாலாவது ஞாயிறுக்குள் கயிறில்லாமல் ஒரு முழுச் சுற்று ஓடினால் சொசைட்டிக்குக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னாள். அந்தக் கடிதத்தை நம்பித்தான் நாட்களைத் தள்ளினேன்.

முதல் ஞாயிறு, முதல் தடைக்கு முன்னால் நாய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. ஈரலை நீட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன், நானே தடையைத் தாண்டிக் காட்டி விழுந்தேன். வீட்டில் சோபாவிலிருந்து டைனிங் டேபிளுக்குத் தாவுகிற கழுதைக்கு முழங்கால் உயரக் கட்டை எட்டவில்லையாம்! மூன்றாவது ஞாயிறு அதைத் தரதரவென்று இழுத்தேன். அது கத்தியது. அன்று என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நாலாவது ஞாயிறு கணவரும் வந்தார். மதியம் கல்யாணுக்கு வண்டி சொல்லியிருந்தார். நாய் வழக்கம்போல ஓடிவந்து உட்கார்ந்தது. அதன் முன்னால் மண்டியிட்டு அழுதேன்.

“ரஹ்னே தோ, ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண். விட்டுவிடச் சொல்கிறாள். எதை விடுவது?

அப்போதுதான் நாய் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி என்னைப் பார்த்தது. தினமும் காலையில் எங்கள் வீட்டு வாசலில் பார்க்கிற அதே பார்வை. எங்கிருந்து தாவவேண்டும் என்று காட்ட, ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் சுண்ணாம்புப் பொடியில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள்.

குட்டியாக இருந்தபோது வாசல் கோலத்தை மிதித்ததற்கு ஓங்கி ஓர் அடி வைத்திருந்தேன். அதன்பிறகு கோலத்தைக் கண்டால் உட்கார்ந்து காலைத் தூக்கும். நானும் அள்ளியெடுத்து அந்தப் பக்கம் இறக்கிவிடுவேன். இரண்டு வருடமாக, ஒரு காலைகூடத் தவறாமல். சாயங்காலத்துக்குள் கோலம் கலைந்துவிடும், அப்போதுதான் அந்தப் பாய்ச்சலெல்லாம். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி தேடி நாலு வாரம் அலைந்திருக்கிறேன். பாவி, வெள்ளைப் பொடியை மிதிக்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்துகொண்டிருந்தது!

துப்பட்டாவால் கோட்டை அழித்தேன். “கோலம்ங்க, கோலம்னு நெனைக்கி!” என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் ஒரு நொடி முழித்தார். பிறகு ஆபீஸ் ஷூவோடு அடுத்த தடைக்கு ஓடித் தேய்த்தார். அதற்கடுத்ததையும் தேய்த்தார். முதல் தடையை நாய் தாண்டியது. குழாய்க்குள் போய் வெளியே வந்தது. கம்பங்களில் இரண்டைத் தவறவிட்டு, திரும்ப வந்து ஒழுங்காக வளைந்தது. அந்தப் பெண் விசிலை வாயில் வைத்தபடியே சிரித்தாள். கடிதம் கிடைத்தது. வண்டிக்காரருக்கு நானே போன் செய்து வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை முட்டி வீங்கிக் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கோலத்தை மட்டும் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்தேன். நாய் வாசலில் போய் உட்கார்ந்து காலைத் தூக்கியது. “தாண்டு,” என்றேன். அசையவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆபீஸ் கிளம்பிய கணவர் கதவருகே நின்று என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கினார்.

“சவத்து மூதி, என்னா கனம் கனக்குது,” என்று சொல்லிக்கொண்டே கோலத்தைத் தாண்டினார்.